முறைப்படி ஒரு விண்ணப்பம்

அத்தியாயம் 9

சிவமணி வெள்ளவத்தைக்கு வந்து ஏழு கிழமை ஆகிவிட்டது. தண்ணீர் குடிப்பதற்கு இன்னமும் அனுமதி கேட்கிறாள்.

தங்கை இறந்து ஒரு வருஷத்து ஆட்டைத் திவசத்துக்கென்று கொட்டாஞ்சேனைக்குப் போன கனகேஸ்வரி, அந்த வீட்டுப் பின்னறைக் கதவின் வெளிக் கொளுக்கியைக் கழற்றி உள்ளே தங்கை மகளான எட்டு வயதுப் பெறாமகள் சிவமணியைக் கண்டதும், பிள்ளையின் முதுகைப் பார்த்ததும், "ரெண்டு நாள் என்னோடை நிக்கட்டும்" என்று தகப்பனிடம் சொல்லிக் கூட்டி வந்து திருப்பி அனுப்பாமலே இருந்துவிட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இன்றுதான் இந்தக் கதைக்குள் வருகிறவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். பயப்படுவதற்கு இதுவே தாராளம்.

தகப்பன் சிவபாதசுந்தரம் மாஸ்ரரைக் கெட்டவர் என்று சொல்ல கொட்டாஞ்சேனையில் ஓர் ஆள் கிடையாது. நெற்றி நிறைய திருநீறு, கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, கோயிலில் முதல் வரிசை. குரலை உயர்த்திப் பேசி எவரும் கேட்டதில்லை. வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கு அடி விழாமல் பின்னே பூவா விழும் என்று அயலில் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். அந்தச் சிரிப்பு கனகேஸ்வரிக்கு இப்போதும் காதில் கேட்கிறது.

மூன்றாம் கிழமை மாஸ்ரர் கொழும்புக் கோட்டையில் கனகேஸ்வரியின் புருஷன் நாகேந்திரம் வேலை பார்க்கும் அரசாங்கக் கந்தோருக்கே போய்ப் பிள்ளை எங்கே என்று கேட்டார். சின்னம்மை கண்டுவிட்டது, தன் தாயாரிடம் சுன்னாகத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்று நாகேந்திரம் பதில் சொன்னார். மனைவி சொல்லிக்கொடுத்த பொய்தான். இருபத்திரண்டு வருஷம் அரசாங்கத்துக்குக் கணக்காக எழுதிய கை, காற்புள்ளி தவறினால்கூட நித்திரை வராத மனிதர், அன்றைக்கு வீட்டுக்கு வந்து காய்ச்சலில் படுத்துவிட்டார். ஆனால் பொய் நின்றது. மாஸ்ரர் சுன்னாகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை வெள்ளவத்தையில், யன்னல் சாத்திய அறைக்குள், பெரியம்மாவின் பழைய சேலையைப் பொம்மைக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

இனிச் சனிக்கிழமைக்கு வருவோம்.

காலை பத்து மணிக்குக் கனகேஸ்வரி கூப்பன் புத்தகங்களையும் பையையும் எடுத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போனாள். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டுவிட்டுப் போய் இரண்டு வருஷமாகிவிட்டது, யுத்தமோ முடிந்தபாடில்லை. அரிசி கூப்பனுக்குத்தான். வீட்டில் புத்தகம் இரண்டு, வாய் மூன்று. சிவமணியின் புத்தகம் கொட்டாஞ்சேனையில் தகப்பன் கையில் இருந்தது. அதைக் கேட்கப் போனால் பிள்ளை இருக்கும் இடம் வெளியே வந்துவிடும். ஆகவே கனகேஸ்வரி கேட்கவில்லை. தன் வயிற்றுக்குச் சோறு ஒத்துவருவதில்லை என்று புருஷனிடம் சொல்லிவிட்டு ஏழு கிழமையாக மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தாள். அடுத்த வீட்டு ரபீக்கா மட்டும் விஷயம் தெரிந்தவள். இரண்டு வீட்டுச் சமையல் குசினிக்கும் நடுவில் இருந்த மதிலில் ஒரு சின்னக் கதவு உண்டு. கிழமைக்கு ஒரு சுண்டு அரிசி அந்தக் கதவு வழியாக, ஒரு வார்த்தை பேசாமல் வரும்.

சங்கக்கடை மனேஜர் சிங்களவர், நல்ல மனிதர். கனகேஸ்வரி நோனாவைக் கண்டதும் முகம் மலர்ந்து, சிங்களத்தில் ஒரு சந்தோஷச் செய்தி சொன்னார். மாத்தயா, அதாவது அவள் புருஷன், போன கிழமையே வந்து பிள்ளையின் பேரை இந்தக் கடைக்கு மாற்ற விண்ணப்பம் கொடுத்திருக்கிறாராம். என்ன அழகான கையெழுத்து, ஓர் இடத்திலும் வெட்டுக் கிடையாதாம். விண்ணப்பம் செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனைக் கடைக்குப் போய்விட்டதாம். அங்கே பழைய வீட்டுக்காரர் ஒரு கையெழுத்து வைத்தால் மூன்றாவது புத்தகம் வந்துவிடுமாம்.

கனகேஸ்வரி அந்த நல்ல மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பழைய வீட்டுக்காரர் என்றால் தகப்பன். கையெழுத்து. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி.  நிறுத்துக் கொட்டிய அரிசிப் பையைத் தட்டிலேயே விட்டுவிட்டு அவள் தெருவில் இறங்கினாள். மனேஜர் பின்னால் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவேயில்லை.

வீடு கூப்பிடு தூரம்தான். அன்றைக்கு அது முடிவதாயில்லை. குடை பிடித்த வெள்ளைக் கோட்டுகள் எத்தனை இந்த வெள்ளவத்தையில் என்று அவள் அதற்கு முன் கவனித்ததேயில்லை. ஒவ்வொரு குடைக்கு அடியிலும் அந்த முகத்தைத் தேடினாள். கடைசித் திருப்பத்தில், வாசற் படலை திறந்து கிடக்குமோ என்று நினைத்தபோது கால் ஓடவில்லை. மதிலைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு வாங்கி, பிறகு நடந்தாள்.

படலை சாத்தியிருந்தது. சிவமணி சொன்ன இடத்தில், சொன்னபடி, கட்டிலில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். ரபீக்கா மாமி வீட்டுக்குப் போ என்று பெரியம்மா சொன்னதும் எழுந்துவிட்டாள். ஏன் என்று கேட்கவில்லை. தான் செய்த பிழை என்ன என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை என்ற பதிலை அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

சின்னக் கதவடியில் கனகேஸ்வரி நடந்ததைச் சொன்னாள். ரபீக்காவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. புருஷன் றவூபுக்கு வெள்ளவத்தைச் சந்தையில் புடைவைக் கடை. பிள்ளையின் தோளைச் சுற்றித் தன் முந்தானையைப் போட்டு உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"எங்கட உள்வீட்டுக்கு வெளி ஆம்புள ஒருத்தரும் வர மாட்டாங்க, அக்கா. பொலிஸ்காரன் வந்தாலும் வாசல்ல நின்டுதான் கதைக்கணும். நீங்க பயப்பட வேணாம்."

கனகேஸ்வரி பயப்பட்டாள். ஆனாலும் வெள்ளவத்தையில் அதைவிடப் பத்திரமான இடம் வேறு கிடையாது என்று தோன்றியபோது, காலையில் இருந்து முதல் தடவையாக அவளுக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை அரை நாள் கந்தோர். இரண்டு மணிக்கு நாகேந்திரம் வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுமுன்னமே கனகேஸ்வரி கேட்டுவிட்டாள். அவர் முகத்தில் முதலில் வெட்கமும் சந்தோஷமும்தான் வந்தன. புத்தகம் கைக்கு வந்த பிறகு காட்ட இருந்தாராம். மனேஜர் முந்திக்கொண்டுவிட்டாரே என்றார். பிறகுதான் மனைவியின் முகத்தைச் சரியாகப் பார்த்தார்.

கேள்விக்கு மேல் கேள்வியாக எல்லாம் வெளியே வந்தது. பிள்ளையின் பெயர் என்று கேட்ட இடத்தில் பெயர் எழுதினார். தற்போது வசிக்கும் விலாசம் என்று கேட்ட இடத்தில் வெள்ளவத்தை வீட்டு இலக்கமும் ஒழுங்கையின் பெயரும். மாற்றத்துக்குக் காரணம் என்று கேட்ட இடத்தில், "தாயின் மூத்த சகோதரியின் பராமரிப்பில் இருக்கிறார்". எத்தனை கிழமையாக என்று கேட்டிருந்தது. ஆறு என்று எழுதினார். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடவில்லை. அரசாங்கம் ஒரு கேள்வி கேட்டால் அதற்குப் பதில் எழுதாமல் விடலாம் என்பது அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. வேறு யாராவது என்றால் ஒரு பொய் விலாசம் போட்டிருப்பான், அல்லது மனேஜருக்கு இரண்டு முட்டை கொடுத்துக் காரியம் பார்த்திருப்பான். நாகேந்திரம் முறைப்படி விண்ணப்பித்தார்.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே" என்றாள் கனகேஸ்வரி.

"நீ சோறு தின்னுறேல்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றார் அவர். "வயித்துக்கு ஒண்டுமில்லை எண்டும் தெரியும். எத்தினை நாளைக்கு நான் பாத்துக்கொண்டு இருக்கிறது?"

திட்டுவதற்கு அவள் வாயில் ஏழெட்டுச் சொல் தயாராக இருந்தது. ஒன்றும் வரவில்லை. இந்த மனிதர் தினமும் சாப்பாட்டு மேசையில் தலையைக் குனிந்தபடி, அவள் கோப்பையில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அந்த அன்புதான் பிள்ளையை இப்போது காட்டிக்கொடுத்திருக்கிறது. கோபப்படவும் முடியாமல், அழவும் நேரமில்லாமல் அவள் கதிரையில் உட்கார்ந்தாள்.

இன்று மெயில் ரெயிலிலேயே பிள்ளையைச் சுன்னாகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவள் சொன்னாள். லீவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டுத் தானே வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார். வேறொரு நாள் என்றால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

பெட்டி கட்டுவதென்று தீர்மானித்து அவள் எழுந்தபோது மணி நாலாகவில்லை. படலைக் கொளுக்கி கிளிக்கென்றது.

வந்தவர் குடையை மடக்கி, விறாந்தை மூலையில் சாத்தி, செருப்பைக் கழற்றி ஒன்றோடொன்று ஒட்ட வைத்தார். கையில் ஒரு கடதாசிப் பொதி. கொழும்புத் தெருப் புழுதியில் வந்தும் கோட்டில் ஒரு மடிப்பு இல்லை. இருக்கச் சொல்வதற்கு முன்னமே சிவபாதசுந்தரம் மாஸ்ரர் உட்கார்ந்தார்.

"அக்கா, நான் சண்டை பிடிக்க வரேல்லை" என்றார். "என்ரை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான். புதுச் சட்டையும் வாங்கி வந்திருக்கிறன்."

பொதியைப் பிரித்து மேசையில் வைத்தார். நீலப் பூப்போட்ட சட்டை. ஐந்து வயதுப் பிள்ளைக்குத்தான் அது காணும். தன் மகளின் அளவுகூட இந்த மனிதருக்குத் தெரியாது என்று கனகேஸ்வரி நினைத்தாள்.  

அதன் பிறகு அவர் பேசியதெல்லாம் நாகேந்திரத்தோடுதான். ஒரு சொல் உரத்து வரவில்லை. விண்ணப்பத்தை வியாழக்கிழமை பார்த்தாராம். அண்ணையின் கையெழுத்தை எங்கே கண்டாலும் தெரியுமாம். சுன்னாகத்தில் சின்னம்மை என்று கந்தோரில் வைத்துச் சொன்னதும் அதே அண்ணைதானே என்று வியந்தார். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் தகப்பனுக்குப் பொய் சொல்லிப் பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிறார் என்று அண்ணையின் துரைக்கு ஒரு கடிதம் போனால் பென்சனுக்கு என்ன நடக்கும் என்று, மற்றவர் நலத்தில் அக்கறை உள்ளவரைப்போல் விசாரித்தார். நாகேந்திரம் பார்வையை எழுத்து மேசைப் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்னொரு பொய்க்கு அவரிடம் பலம் இல்லை என்பது கனகேஸ்வரிக்குத் தெரியும். பிள்ளை எங்கே என்று நேரே கேட்டுவிட்டால், விண்ணப்பத்தில் எழுதியதுபோல இதற்கும் அவர் சரியான பதிலைச் சொல்லிவிடுவாரோ என்று அவளுக்கு உள்ளுக்குள் பதறியது.

மாஸ்ரர் கேட்கத் தேவைப்படவில்லை.

குசினிப் பக்கத்தில் சின்னக் கதவு கிறீச்சிட்டது. மதிலுக்கு அப்பால் அந்தக் குரல் கேட்டிருக்க வேண்டும். மெல்லிய குரல்தான், ஆனால் எத்தனை சத்தத்துக்கு நடுவிலும் அந்தக் குரலைப் பிரித்தறியப் பழகிய காது அது. ரபீக்கா அடுப்பில் எதையோ இறக்கத் திரும்பிய நேரத்தில் எழுந்து வந்திருக்கிறாள். சிவமணி குசினி வழியாக, அறை வழியாக, யாரையும் பார்க்காமல் நடந்து வந்தாள். நாகேந்திரத்தின் எழுத்து மேசையில், மைக்கூட்டுக்குப் பக்கத்தில், கந்தோர்க் கோடு போடும் கறுத்த ரூல்தடி கிடந்தது. அதை எடுத்தாள். தகப்பனின் முன்னால் போய் நின்று, அதை இரண்டு கையாலும் அவர் மடியில் வைத்தாள். பிறகு உள்ளங்கைகள் மேலே பார்க்க இரண்டு கையையும் நீட்டினாள்.

  கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மாஸ்ரரின் முகத்தில் வெட்கம் வரும் என்று கனகேஸ்வரி எதிர்பார்த்தாள். மனிதப் பிறவி என்றால் வரத்தானே வேண்டும். அவர் முகத்தில் வந்தது திருப்தி.

"பாத்தீங்களே அண்ணை" என்றார். "பிழை செய்தால் என்ன கிடைக்கும் எண்டு பிள்ளைக்கே தெரியுது. நான் வளர்த்த ஒழுங்கு."

ரூல்தடியைக் கையில் எடுத்தார். அடிக்கவா, சும்மாவா என்று தெரியாது. அவருடைய கை உயர்வதற்கு முன் நாகேந்திரத்தின் கை அதன் மற்ற நுனியைப் பிடித்துவிட்டது. தன் சொந்தக் கையைப் பார்த்து அவரே திடுக்கிட்டதுபோல் இருந்தது. விடவில்லை.

"பிள்ளை வராது" என்றார் நாகேந்திரம்.

"தகப்பன் நான்."

"வராது, மாஸ்ரர். என்ரை துரைக்கு எழுதுங்கோ. விலாசம் வேணுமெண்டால் நானே எழுதித் தாறன்."

கனகேஸ்வரி அதற்குள் பிள்ளையை இழுத்துத் தன்னோடு அணைத்திருந்தாள். நீட்டிய கைகள் அப்படியே நீட்டியபடி விறைத்துக் கிடந்தன. அவற்றை மடக்கிவிட வேண்டியிருந்தது.

மாஸ்ரர் இன்னமும் உரத்துப் பேசவில்லை. பிள்ளை தகப்பனுக்குச் சொந்தம், இது எந்த நீதவான் கோட்டுக்கும் தெரியும் என்றார். திங்கட்கிழமை பத்து மணிக்குப் பொலிஸோடு வருவதாகச் சொன்னார். வாத்தியார் தன் பிள்ளையைத் திருத்தியதற்கு எந்த நீதவான் குற்றம் காண்பான், அடித்ததாக யார் கண்டது, மனைவியை இழந்தவனின் வீட்டில் குற்றம் தேடும் ஒரு மச்சாளின் பேச்சை யார் கேட்பது என்றார். அதில் ஒவ்வொன்றும் உண்மை என்பதுதான் கனகேஸ்வரியின் உயிரை உறைய வைத்தது.

அறை வாசல் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பிள்ளையைத் தேடி ஓடி வந்த ரபீக்கா அந்நிய ஆண் இருப்பதைக் கண்டு அங்கேயே நின்றிருக்கிறாள். இந்த வீட்டுக்கு அவள் வராத நாளில்லை. ஆனால் நாகேந்திரத்தின் முன்னால்கூட இதுவரை அவள் வந்து நின்றதில்லை. திரை அசைந்தது. தலையையும் முகத்தில் பாதியையும் முந்தானையால் மூடிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"நான் கண்ட. இந்தப் புள்ள வந்த அன்டைக்கு முதுகில எண்ணெ பூசினது நான்தான். எந்தக் கோட்டுல கேட்டாலும் வந்து சொல்லுவேன்."

மாஸ்ரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். புருஷனின் பெயர் என்ன, எங்கே கடை வைத்திருக்கிறார் என்று மரியாதையாகக் கேட்டார்.  அவருக்குப் பதில் தேவையில்லை. வெள்ளவத்தைச் சந்தையில் இரண்டு பேரிடம் கேட்டால் தெரிந்துவிடும். நீலச் சட்டையை மடித்துப் பொதிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, குடையை விரித்து, படலையைத் திறந்த மாதிரியே சாத்திக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்தது. ரபீக்கா நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். றவூப் கடையில் இருந்து வருமுன், இதைத் தன் வாயாலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றாள். அவர் என்ன சொல்வார் என்று கனகேஸ்வரி கேட்டதற்குத் தெரியாது என்று தலையாட்டினாள். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கமாட்டாளாம். நாகேந்திரம் ரூல்தடியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். நாளை ஞாயிறு. கந்தோரும் கிடையாது, கோட்டும் கிடையாது. ஒரு நாள்தான் இருக்கிறது.

கோட்டில் வழக்குப் பேச நியாயம் தெரிந்த ஒரு புறொக்ரர் யார், பிள்ளையின் முதுகைப் பார்த்து எழுதித் தரக்கூடிய டொக்டர் யார் என்று நாகேந்திரமும் கனகேஸ்வரியும் பேசத் தொடங்கினார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது கனகேஸ்வரிக்குத் தன் மடி வெறுமையாக இருப்பது உறைத்தது. பிள்ளையைக் காணவில்லை.

அறைக்குள் ஓடினாள். சிவமணி கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். தன் இரண்டு சட்டையையும் மடித்துத் துணிப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். கனகேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்து வெளியே வைத்தாள். பிள்ளை அதை எடுத்து, ஓரத்தைச் சரிபார்த்து மடித்து, மறுபடி உள்ளே வைத்தாள்.

"அப்பா திரும்பி வந்தால் பெரியப்பாவுக்கு அடிப்பார்" என்றாள். "ரபீக்கா மாமிக்கும் அடிப்பார். அதுக்கு முந்தி நானாப் போனால் ஒருத்தருக்கும் விழாது."

அடிக்கமாட்டார் என்று சொல்ல கனகேஸ்வரி வாயெடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. நீ எங்கேயும் போகமாட்டாய், கொட்டாஞ்சேனை எங்கே இருக்கிறது என்றுகூட உனக்குத் தெரியாது என்று வேறொன்றைச் சொன்னாள்.

சிவமணி கையை நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

"இந்த ஒழுங்கையாலை நேரை போய், கடல் தெரிஞ்சால் ஸ்ரேசன். கோட்டையிலை இறங்கவேணும். பிறகு கிராண்ட்பாஸ் ட்ராம். பெரிய அரசமரத்தடியிலை இறங்கி, சவர்க்காரக் கடையடியாலை திரும்பினால் மூண்டாவது வீடு. கூட்டிக்கொண்டு வந்த அண்டைக்கே பாத்துக்கொண்டு வந்தனான். எனக்கு வழி தெரியும், பெரியம்மா."